நிறுக்காத குழந்தைகள்

வண்டிப்பெரியார்
9-2-58

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். இந்த அகால வேளையில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கோமு இப்போதுதான் பால் குடித்துக் கண்ணயர்ந்தாள். எட்டு மாதக் குழந்தை வைத்திருப்பவளுக்குப் பகலில் பேனா பிடிக்கக் கை ஏது? வரிகள் கோணலாக இருந்தால் அது தூக்கத்தால். கருத்து கோணலாகத் தெரிந்தால், அது உன் கட்டுரையைப் படித்த கையோடு எழுதுவதால்.

அச்சுப் பிரதி வந்து சேர்ந்தது. கடைசிப் பக்கத்தில் என் அகமுடையானுக்கு நன்றி சொல்லியிருக்கிறாய்: "எஸ்டேட் டிஸ்பென்ஸரி டாக்டர் முத்துசுவாமி அவர்கள் புரிந்த பேருதவி." அவர் புரிந்த பேருதவி, உன் காலேஜ் சிஷ்யர்கள் இருவருக்கும் இரண்டு நாள் சாப்பாடு போட்டது. சமைத்தவள் நான். கத்தரிக்காய் ரசவாங்கிக்கும் ஒரு வரி நன்றி எழுதியிருக்கலாம்.

போகட்டும். நான் புரிந்துகொண்டது சரியா என்று பார். எங்கள் எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் பிள்ளைக் கொட்டகை இருக்கிறது. தாய்மார்கள் காலையில் குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். ஆயா அழகுத்தாய் டப்பாப் பால்பொடியைக் கரைத்துக் கொடுக்கிறாள். மேல் டிவிஷனில் கொட்டகை கிடையாது. அங்கே காலை பத்து மணிக்குச் சங்கு ஊதும். கைக்குழந்தைக்காரிகள் மலையிலிருந்து இறங்கி லயத்து வீட்டுக்கு வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏறுவார்கள். ஜனவரியில் உன் ஆட்கள் வந்து இரண்டு பக்கக் குழந்தைகளையும் எடை போட்டார்கள். கீழே சராசரி பதினைந்து பவுண்டு ஆறு அவுன்ஸ். மேலே பதிமூன்று பவுண்டு ஒரு அவுன்ஸ். "ஆகவே" டப்பாப் பால் தாய்ப்பாலைவிட உயர்ந்தது.

அந்த "ஆகவே"யைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. மானேஜர் துரை உன் கட்டுரையை மேஜைமேல் வைத்துக்கொண்டு இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பத்து மணிச் சங்கு நின்றுவிடுமாம். மேலேயும் ஒரு கொட்டகை, மேலேயும் டப்பா. யாரும் மலையிலிருந்து இறங்க வேண்டாம். "உன் மைத்துனர் நிரூபித்துவிட்டாரே, டாக்டர்!" என்றாராம்.

ஒரே ஒரு கேள்வி. கீழே நாற்பத்தாறு குழந்தைகளை நிறுத்திருக்கிறீர்கள். மேலே பத்தொன்பது. மேல் டிவிஷன் ஒன்றும் சின்னதில்லை, கீழ் டிவிஷன் அளவுதான் லயம் இருக்கிறது. மீதிக் குழந்தைகள் எங்கே? உன் கட்டுரையில் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், அவர்களைப் பற்றி மூச்சே இல்லை.

மன்னிக்கு நமஸ்காரம். அம்பிக்கு அத்தையின் முத்தம்.

பர்வதம்


கல்பாத்தி
15-2-58

சௌபாக்கியவதி பர்வதத்துக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதம் கிடைத்தது. அதில் கேள்வி ஒரு வரி, குத்தல் ஒன்றரைப் பக்கம்.

நீ ஹானர்ஸில் முதல் வகுப்பு, நான் இரண்டாம் வகுப்பு. இதை நம் வீட்டில் யாரும் மறக்க நீ விட்டதில்லை. ஆனால் அதற்கப்புறம் நீ நிறுத்ததெல்லாம் புளியும் மிளகாயும்தான். ஆராய்ச்சி என்பது வேறு. இருந்தாலும் தங்கை கேட்டுவிட்டாய், விளக்குகிறேன்.

இரண்டு சராசரிகளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு பவுண்டுக்குமேல். குழந்தைக்குக் குழந்தை எடை மாறுகிற அளவையும் எத்தனை குழந்தைகள் என்பதையும் வைத்துச் சோதித்துப் பார்த்தேன். விகிதம் நாலுக்குமேல் வருகிறது. அட்டவணையைத் திறந்து பார். இப்படியொரு வித்தியாசம் வெறும் தற்செயலாக வருவதற்கு ஆயிரத்தில் ஒரு வாய்ப்புக்கூடக் கிடையாது. ஆயிரத்தில் ஒன்று, பர்வதம்! பத்தொன்பது குறைச்சல் என்கிறாய். குறைந்த எண்ணிக்கைக்கென்றே உண்டான சோதனை இது. அந்தப் பாடம் நடந்த அன்று நீ வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் ரவிக்கைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்போலும்.

மீதிக் குழந்தைகள் எங்கே என்று கேட்கிறாய். வரவில்லை, அவ்வளவுதான். லயத்துப் பெண்கள். ஒருத்திக்குக் கோயில், ஒருத்திக்கு வயிற்றுப்போக்கு, ஒருத்திக்குச் சண்டை. வந்ததும் தற்செயல், வராததும் தற்செயல். அதற்காக ஒரு ஆராய்ச்சியை நிறுத்திவைக்க முடியுமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கம்பெனியார் எங்கள் டிபார்ட்மெண்டுக்கு ஒரு கணக்கு மெஷின் வாங்கித் தருகிறார்கள். கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கும், வகுக்கும். பாலக்காட்டில் எந்தக் கல்லூரியிலும் இல்லாதது. மாப்பிள்ளைக்கும் அதே கம்பெனிதான் சம்பளம் தருகிறது என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

கோமுவைக் குளிரில் வெளியே கொண்டுபோகாதே.

வெங்கிடேஸ்வரன்


வண்டிப்பெரியார்
23-2-58

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். வராதது தற்செயல் என்று நீ சொன்னதை நேரில் பார்த்துவிட்டு வரலாமென்று மேல் டிவிஷனுக்குப் போனேன். கோமுவையும் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டுதான் போனேன். கோபித்துக்கொள்.

உன் சிஷ்யர்கள் மேலே குழந்தைகளை எங்கே நிறுத்தார்கள் என்று உனக்குத் தெரியுமா? கேட்டிருக்க மாட்டாய். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில். கொழுந்துக்கூடையை மாட்டுகிற அதே கொக்கியில், ஒரு சாக்குத் தூளி கட்டி, அதில் குழந்தையை உட்கார வைத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் கங்காணி, கணக்கப்பிள்ளை, பார்க்க வந்த கூட்டம். முள் நின்றதும் உன் சிஷ்யன் ஒருவன் எடையை உரக்கச் சொல்ல, இன்னொருவன் எழுதிக்கொண்டானாம்.

கீழே அப்படி இல்லை. அங்கே குழந்தைகள் எப்படியும் தினம் கொட்டகையில்தான் கிடக்கின்றன. அழகுத்தாய் ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பெட்டித் தராசில் வைத்திருக்கிறாள். கொண்டுவரலாமா, வேண்டாமா என்று யோசிக்க எந்தத் தாயும் அங்கே இல்லை.

மேலே மயிலாத்தாள் என்று ஒரு கொழுந்துக்காரி இருக்கிறாள். லயத்து வாசலில் அவள் மகனைப் பார்த்தேன். தொடையில் மூன்று மடிப்பு, கன்னம் ததும்புகிறது. "இவனையும் தராசுல போட்டியா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லாருக்கே டாக்டரம்மா நியாயம்! இந்தப் புள்ளைய, கொழுந்துத் தராசுல, ஊரு பேரு தெரியாத ரெண்டு பயலுக கண்ணு முன்னால தொங்கவிட்டு, இத்தன பவுண்டுன்னு கூவவும் விடணுமாக்கும்? கண்ணு பட்டா யாரு பாக்குறது, நீங்களா?"

"அப்ப யாருதான் கொண்டுபோனாங்க?"

"நோஞ்சானுக்குக் கண்ணு என்னத்தப் படப்போவுது? ஒல்லிப் புள்ளைக்காரிக போனாக. கொழுகொழுன்னு இருக்கிறத எல்லாம் உள்ள போட்டுப் படலைச் சாத்திட்டோம்." பிறகு சிரித்துக்கொண்டே, "எம்மவன அந்தக் கணக்கப்பிள்ளை நிறுத்தா, ஈரக் கழிவுன்னு ரெண்டு பவுண்டு புடிச்சிருப்பாரு!" என்றாள். இங்கே மழைநாளில் ஈரத்துக்கென்று கொழுந்தில் கழிப்பார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

லயம் லயமாகப் போய்ப் பார்த்தேன். உன் கட்டுரையில் இல்லாத குழந்தைகள் இருபத்தைந்து. அநேகமாக எல்லாம் குண்டு.

இப்போது உன் ஆயிரத்தில் ஒன்றை எடுத்துக்கொள். தற்செயலாக வராத வித்தியாசம் என்றாய். ரொம்பச் சரி. தற்செயலே இல்லை. குண்டுக் குழந்தைகளைப் படலுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு மிச்சத்தை நிறுத்தால் எடை குறையத்தானே செய்யும்? உன் அட்டவணை ஒன்றைத்தான் சொல்கிறது: இது குருட்டாம்போக்கில் வந்ததில்லை என்று. எதனால் வந்தது என்று அது சொல்லாது. பால்பொடி என்று சொன்னது அட்டவணை இல்லை, நீ. அதற்கு இரண்டாம் வகுப்புகூட அதிகம்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். மயிலாத்தாள் என்னிடம், "ஒங்க புள்ளைய மொதல்ல அந்தக் கொக்கில மாட்டுங்க, அப்புறம் நாங்க மாட்டுறோம்" என்றாள். என் கை கம்பளியை இன்னும் இறுக்கிக்கொண்டது. மாட்டவில்லை.

சந்தேகம் இருந்தால் மன்னியிடம் கேட்டுப் பார். உன் மாணவர்கள் எதிரில் அம்பியைக் கொக்கியில் தொங்கவிடுவாளா என்று.

பர்வதம்


கல்பாத்தி
28-2-58

சௌ. பர்வதத்துக்கு,

ஆசீர்வாதம். உன் கடிதத்தை நான் பார்க்குமுன் உன் மன்னி வாலாம்பாள் உடைத்துப் படித்துவிட்டாள். கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. "ஏன், ஒங்களுக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக் கொழந்தையைக் கொக்கியில மாட்டறதாக்கும்?" என்று ஆரம்பித்து, காபி ஆறுகிறவரை நிறுத்தவில்லை. இது ஒரு பெண்ணின் பிடிவாதம். சாட்சியம் ஆகாது.

நீ சொல்வதும் சாட்சியம் ஆகாது. லயம் லயமாகப் போய்ப் பார்த்தாயாம், குண்டாக இருந்தனவாம். கண்ணால் பார்த்துக் குண்டு என்று சொல்வது பூனைக்குக்கூட முடியும். எடை எங்கே? ஒரு கொழுந்துக்காரி கேலி பேசினாள், நீயும் கூடச் சிரித்தாய் என்பதற்காக அச்சாகிவிட்ட கட்டுரையை நான் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டுமா? நாளைக்கு எலுமிச்சம்பழத்தையும் அடிக்குறிப்பில் போடச் சொல்வாய்.

எண் இருந்தால் அனுப்பு. இல்லையென்றால் இந்த விஷயத்தை இதோடு விட்டுவிடு. கணக்கு மெஷின் திங்கட்கிழமை வருகிறது. எனக்கு வேலை இருக்கிறது.

வெங்கிடேஸ்வரன்


வண்டிப்பெரியார்
14-3-58

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். எண் கேட்டாய். தனித்தாளில் இருக்கிறது. எப்படி வந்தது என்பதை இதில் எழுதுகிறேன், ஏனென்றால் உன் கட்டுரையில் இல்லாமல் போனது அதுதான்.

டிஸ்பென்ஸரியில் ஆள் ஏறி நிற்கும் தராசு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்துவிடச் சொன்னேன். இவர், "எனக்கு வேலை போனா, நீ டியூஷன் எடுத்துக் காப்பாத்துவியாக்கும்?" என்றார். "எடுக்கறேன்" என்றேன். "கணக்குக்கு மட்டும் எடு. நாக்குக்கு எடுக்காதே, ஊரே கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டுச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

தாய் குழந்தையை முந்தானைக்குள் போட்டு மூடிக்கொண்டு ஏறி நிற்க வேண்டும். எழுதிக்கொள்வேன். பிறகு குழந்தையை அழகுத்தாயிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏற வேண்டும். அதையும் எழுதிக்கொள்வேன். அங்கே எழுதினதெல்லாம் தாயின் எடைதான். குழந்தையின் எடையை யாரும் பார்க்கவில்லை, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கழித்துப் பார்த்தது வீட்டுக்கு வந்து. முதலில் ஏறினது நானும் கோமுவும். மயிலாத்தாள் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கினதும் அவள் ஏறினாள். அப்புறம் ஒருத்தி பாக்கியில்லாமல் எல்லாரும் வந்தார்கள். மேல் டிவிஷனில் நாற்பத்து நாலு குழந்தைகள். அன்று சாயங்காலமே, அதே தராசில், அதே முறையில், கீழ் டிவிஷனில் நாற்பத்தைந்து. உன் நாற்பத்தாறில் ஒரு குடும்பம் கம்பம் ஊருக்குப் போய்விட்டது.

கீழே சராசரி பதினாறு பவுண்டு ஒரு அவுன்ஸ். மேலே பதினைந்து பவுண்டு பதினாலு அவுன்ஸ். வித்தியாசம் மூன்று அவுன்ஸ். கோமுவின் ஈரத் துணி அதைவிடக் கனம்.

தாய் தும்மினால் முள் ஆடுமே என்று நீ எழுதப்போகிறாய். ஆடும். தும்முகிறவள் இரண்டு டிவிஷனிலும் தும்முவாள். அந்தத் தப்பு இந்தப் பக்கமும் விழும், அந்தப் பக்கமும் விழும், கூட்டினால் கரைந்துபோகும். உன் தப்பு ஒரே பக்கம் விழுந்தது. ஒரே பக்கம் விழுகிற தப்பைப் பத்தொன்பதுக்குப் பதில் பத்தாயிரம் குழந்தைகளை வைத்தாலும் கரைக்க முடியாது. உன் மெஷினின் கைப்பிடி கழன்று விழுகிறவரை சுற்றினாலும் முடியாது.

பால்பொடி கெடுதல் என்று நான் சொல்லவில்லை, கவனி. அப்படிச் சொன்னால் நானும் நீயாகிவிடுவேன். சங்கை நிறுத்துவதற்கு உன் கட்டுரையில் ஒரு காரணமும் கிடையாது என்கிறேன்.

இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் தனக்குச் சௌகரியமில்லாததை வெளியே விட்டுவிடுகிறவள் என்ற பெயர் எனக்கு வேண்டாம். நம் குடும்பத்துக்கு அப்படி ஒருவர் போதும். ஞாயிற்றுக்கிழமை நிறுத்தோம். செவ்வாய்க்கிழமை கோமுவுக்கு ஜுரம் வந்துவிட்டது. நூற்று மூன்று. இவர் மருந்து கொடுத்தார், நெற்றியில் துணி போட்டார். சமாசாரம் தெரிந்து மயிலாத்தாள் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தாள். கோமுவுக்குச் சுற்றி அடுப்பில் போட்டாள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை. கோமுவைத் தவிர நிறுத்தது எண்பத்தொன்பது குழந்தைகள், அவற்றில் ஒன்றுக்கும் ஒன்றும் வரவில்லை. கோமுவுக்குப் பல் முளைக்கிறது, மூன்று நாளாக மூடுபனி. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் மிளகாய் நெடி வருகிறதா வருகிறதா என்று அடுப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் ஜுரம் விடவில்லை. துரைக்கு எழுது, அண்ணா. முதல் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

பர்வதம்


கல்பாத்தி
20-3-58

சௌ. பர்வதத்துக்கு,

ஆசீர்வாதம். ஆகக்கூடி, எனக்கு அனுமானம் என்றால் என்னவென்று பாடம் நடத்திய கடிதத்திலேயே நீ மிளகாயும் சுற்றிப் போட்டிருக்கிறாய். இதை எங்கள் டிபார்ட்மெண்டில் படித்துக் காட்டினால் ஒரு மாதத்துக்குச் சிரிப்பார்கள். நூற்று மூன்று டிகிரியில் உன் முதல் வகுப்பு ஆவியாகிவிட்டது.

உன் தாளைப் பார்த்தேன். மெஷினில் போட்டுப் பார்த்தேன். கூட்டத் தெரியாதவர்கள் ஆராய்ச்சிக்கு வரக் கூடாது. மேல் டிவிஷனில் மூன்றாம் பத்தியில் அவுன்ஸைப் பவுண்டுக்குக் கொண்டுபோகும்போது பதினாறுக்குப் பதில் இருபதால் வகுத்திருக்கிறாய். உனக்கு இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்கிற பணக் கணக்கு ஞாபகம்போலும். திருத்திப் போட்டால் மேல் டிவிஷன் சராசரி சரியாகப் பதினாறு பவுண்டு. வித்தியாசம் மூன்று அவுன்ஸ் இல்லை, ஒன்றே ஒன்று. விகிதம் ஒன்றுக்கும் எவ்வளவோ கீழே. ஒரு தங்கை தன் கட்சிக்குச் சாதகமான கணக்கைக்கூடத் தப்பாகப் போடுவாள் என்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

துரைக்கு எழுதச் சொல்கிறாய். என்னவென்று எழுதுவது? மெஷினுக்கு மாலை போட்டு, பிரின்ஸிபால் பேசி, போட்டோ எடுத்தாயிற்று. கட்டுரை வேறு ஊர்களுக்கும் போயாயிற்று. ஒரு டிஸ்பென்ஸரித் தராசையும் சில முந்தானைகளையும் நம்பி நான் தப்புச் செய்துவிட்டேன் என்று எழுதுவதா? அடுத்த வருஷம் பெரிய அளவில் இன்னொரு ஆராய்ச்சி செய்யலாம். அதுவரை டப்பாப் பால் குடித்து எந்தக் குழந்தையும் செத்துப்போகாது.

கோமுவுக்கு ஜுரம் விட்டதா? அதை மட்டும் உடனே எழுது.

வெங்கிடேஸ்வரன்


கல்பாத்தி
29-3-58

பர்வதம், ஜுர விஷயம் கேட்டிருந்தேன். இன்றுவரை பதில் இல்லை. உன் பதில் வராததை நல்லது என்று எடுத்துக்கொள்வதா, கெட்டது என்று எடுத்துக்கொள்வதா? வாலாம்பாள் தினம் தபால்காரனை வழிமறிக்கிறாள். நானும் இரண்டு நாளாகக் காலேஜுக்குப் போகவில்லை. ஒரு வரி போதும். வெ.


வண்டிப்பெரியார்
3-4-58

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். உன் கார்டு வந்தது. நல்லது என்று எடுத்துக்கொள்வதா, கெட்டது என்றா என்று கேட்டிருக்கிறாய். ஏன், தற்செயல் என்று எடுத்துக்கொள்ளேன்? பதில் வந்தாலும் தற்செயல், வராவிட்டாலும் தற்செயல். அது உன் சொந்தச் சரக்குத்தானே.

வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எழுதாதவள் ஏன் எழுதவில்லை என்று யோசிக்காமல் உன்னால் ஒரு நாள்கூட இருக்க முடியவில்லை, பார்த்தாயா? நல்ல சேதியென்றால் எழுதியிருப்பாளே, ஒருவேளை கை ஓயாமல் குழந்தையோடு இருக்கிறாளோ, ஒருவேளை என்று எத்தனை ஒருவேளை போட்டிருப்பாய்! காலேஜுக்குக்கூடப் போகவில்லையாம். ஒரு குழந்தையைப் பற்றித் தகவல் இல்லாததற்கு இந்தப் பாடு. மேல் டிவிஷனில் இருபத்தைந்து குழந்தைகளைப் பற்றி உனக்கு ஒரு தகவலும் இல்லை. அவர்கள் ஏன் வரவில்லை என்று ஒரு ராத்திரிகூட நீ தூக்கம் கெடவில்லை. கட்டுரை எழுதினாய், மாலை போட்டாய், போட்டோவுக்கு நின்றாய்.

என் கூட்டலைத் திருத்தினதற்கு நன்றி. இருபதால் வகுத்தது என் தப்புத்தான், வெட்கமாக இருக்கிறது. ஆனால் திருத்துகிற ஆசையில், உன் கட்டுரைக்கு இருந்த கடைசி மூன்று அவுன்ஸில் இரண்டை நீயே உன் கையால் எடுத்துக் கொடுத்துவிட்டாய். அது உன் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது. அதை நான் துரையிடம் காட்டமாட்டேன். நீயாக எழுத வேண்டும். ஒரு தங்கை பிடுங்கிக் கொடுத்த உண்மையை அவர் மதிக்கமாட்டார், நானும் மதிக்கமாட்டேன்.

முதல் தேதி, செவ்வாய்க்கிழமை, சங்கு ஊதவில்லை. பத்து மணிக்கு நான் வாசலில் நின்றிருந்தேன். மலையில் கொழுந்துக்காரிகள் நிமிர்ந்து நிமிர்ந்து கீழே பார்த்தார்கள். மயிலாத்தாள் மட்டும் கூடையைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கி வந்தாள். புதுக் கொட்டகையில் அவள் மகன் டப்பாப் பாலைத் துப்பிவிட்டு அலறிக்கொண்டிருந்தான். பால் கொடுத்துவிட்டுப் போனாள். கங்காணி அவளுக்கு அரைப்பேர் போட்டுவிட்டான், பாதி நாள் கூலிதான். நேற்றும் இறங்கினாள். நேற்றும் அரைப்பேர். இன்று அவளோடு இன்னும் நாலு பேர் இறங்கினார்கள். மற்றவர்களுக்கு ரவிக்கை நனைந்து பறிக்கிற கொழுந்தின்மேல் சொட்டுகிறது. ஈரக் கழிவு பிடிக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை.

"ஒங்க அண்ணாச்சி எழுதுவாராம்மா?" என்று மயிலாத்தாள் என்னைக் கேட்டாள். அவளுக்கு நீ யாரென்று தெரியும். நான்தான் சொன்னேன்.

"தெரியலை" என்றேன்.

"நல்லாப் படிச்சவுகதானே?" என்றாள்.

நேரே வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன்.

இதோடு ஒரு கார்டு வைத்திருக்கிறேன். துரையின் விலாசம் எழுதி, சேதியும் எழுதிவிட்டேன். இரண்டே வாக்கியம்: "மேல் டிவிஷனில் நாங்கள் நிறுத்தது எல்லாக் குழந்தைகளையும் அல்ல, மெலிந்தவற்றை மட்டும். ஆகவே என் கட்டுரையைக் கொண்டு பத்து மணி இடைவேளையை நிறுத்த வேண்டாம்." ஆகவே என்ற சொல்லை எங்கே போட வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரியாக வைத்துக்கொள். கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் உன் வேலை. மெஷினை அவர்கள் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடு. பதினாறால் வகுக்க உனக்கு மெஷின் எதற்கு?

கோமு சங்கதியை எழுதாமலே இந்தக் கவரை ஒட்டிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இரண்டு நாள் காலேஜுக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை மறுபடியும் படித்தேன். எனக்கு அவ்வளவு கல்நெஞ்சு வரவில்லை. அவளுக்கு ஜுரம் ஐந்தாம் நாளே விட்டுவிட்டது. கீழே இரண்டு பல் வந்திருக்கிறது. மருந்தால் விட்டதா, மிளகாயால் விட்டதா, தானாக விட்டதா என்று எனக்குத் தெரியாது. ஒரே ஒரு குழந்தையை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது. மன்னியிடம் உடனே சொல்லு.

கார்டில் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டு, சேர்த்தாயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுது. சீக்கிரம் பதில் போடு.

பர்வதம்